கருவிப்பெட்டியில் இல்லாத கருவி

ஹூஸ்டன் நகரத்தை வாழவைத்தது எண்ணெய் என்பார்கள். என்னைக் கேட்டால் ஏர்கோன் என்பேன். கிள்ளானில் 24 ஆண்டுகளாக ஏர்கோன் பழுதுபார்ப்பவன் வேறென்ன சொல்வான் என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் ஆகஸ்டு மாதத்தில் அந்த ஊரில் ஒரு வாரம் இருந்து பாருங்கள். வெயில் 38 பாகையைத் தொடும். கடல் பக்கம் என்பதால் நம் ஊரைப்போலவே புழுக்கம். உலகிலேயே முதன்முதலாக ஒரு பெரிய விளையாட்டரங்கத்துக்கு முழுதாகக் கூரை போட்டு, உள்ளே குளிரூட்டியும் வைத்தவர்கள் ஹூஸ்டன்காரர்கள்தாம். அந்த ஆஸ்ட்ரோடோம் அரங்கம் 1965-இல் திறக்கப்பட்டது. பந்தாட்டத்துக்கே ஏர்கோன் போட்ட ஊர் அது.

என் அக்கா கல்யாணமாகி அங்கே போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற புறநகரில் வீடு. ஒரே மகன், வயது 23. எல்லாப் பிள்ளைகளும் கணினி படித்தபோது இவன் மட்டும் "மாமா மாதிரி ஏர்கோன் வேலை செய்யப்போறேன்" என்று சமூகக் கல்லூரியில் அந்தப் படிப்பை முடித்து, மூன்று வேன்கள் வைத்திருக்கும் ஒரு சிறு முதலாளியிடம் சேர்ந்துவிட்டான். எனக்குப் பெருமை. அத்தானுக்குக் கொஞ்சம் வருத்தம். அக்காவுக்கு இரண்டும்.

போன ஆண்டு நடுவில் அக்கா தொலைபேசியில் அழுதாள். "இவன் துப்பாக்கி வாங்கணும்ங்கிறான்டா தம்பி. வேலைக்குப் போறப்ப இடுப்புல வச்சுக்கிட்டுப் போகணுமாம். அவனோட முதலாளியும் அப்படித்தான் போறாராம். நான் சொன்னா கேக்கமாட்டேங்கிறான். நீ ஒரு தடவ வந்து பேசு. தாய்மாமன் சொன்னா கேப்பான்."

அப்படித்தான் ஆகஸ்டில் மூன்று வாரம் விடுப்பு எடுத்து டெக்சாஸ் போனேன்.

மூன்றடி தள்ளி நிற்க வேண்டும்

டெக்சாஸ் மாநிலம் மலேசியாவைப்போல் இரண்டு மடங்கு பெரியது. கேட்டியிலிருந்து நகருக்குள் போகும் நெடுஞ்சாலை உலகின் மிக அகலமான சாலைகளுள் ஒன்று. துணைச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள். அந்தச் சாலையில் அக்கா மகனின் வேனில், முதலாளியின் அனுமதியோடு, ஆறு நாட்கள் கூடவே போனேன். சுற்றுலா விசாவில் போனவன் வேலை செய்யக்கூடாது. அதனால் கைகட்டி நின்று வேடிக்கை பார்ப்பது மட்டும்தான். 24 வருடத்தில் எனக்கு வாய்க்காத பாக்கியம்.

தொழில் ஒன்றுதான் என்றாலும் வீடு வேறு. நமக்குச் சுவரில் மாட்டிய யூனிட். நாற்காலி போட்டு ஏறினால் முடிந்தது. அங்கே ஒரே பெரிய இயந்திரம் கூரைக்கடியில் பரணில் கிடக்கும். குழாய் வழியாக எல்லா அறைக்கும் காற்று போகும். கோடையில் அந்தப் பரணுக்குள் 50 பாகைக்கு மேல் கொதிக்கும். ஆள் தவழ்ந்துதான் போக வேண்டும். நாம் சில ஆண்டுகளாகவே ஆர்-32 கேஸுக்குப் பழகிவிட்டோம். அவர்கள் 2025 தொடக்கத்திலிருந்துதான் புதிய இயந்திரங்களில் ஆர்-410ஏ-யை விட்டு மாறிக்கொண்டிருக்கிறார்கள். கோடையில் வரும் அழைப்புகளில் பாதிக்குக் காரணம் கெப்பாசிட்டர் போவது. அது மட்டும் இரு ஊருக்கும் பொது.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது இயந்திரம் அல்ல, கதவு.

கிள்ளானில் நான் கேட்டுக்கு வெளியே நின்று "அக்கா, ஏர்கோன்!" என்று ஒரு குரல் கொடுப்பேன். மலாய்க்காரர் வீடென்றால் முகமன் சொல்வேன். சீனர் வீடென்றால் "ஆன்ட்டி!" போதும். பதில் வரும்வரை கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பேன். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போவேன்.

அக்கா மகன் அப்படிச் செய்வதில்லை. வீட்டு எண்ணை இரண்டு தடவை சரிபார்க்கிறான். மணியை அழுத்திவிட்டு மூன்றடி பின்னால் வந்து, கேமராவில் முகம் தெரியும்படி நிற்கிறான். இரண்டு கைகளும் வெளியே தெரிய வேண்டும். சட்டைப் பையில் கைவிடுவதில்லை. வீட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கும் யூனிட்டைப் பார்க்கப் போகுமுன், பகலாக இருந்தாலும், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறான்.

"ஏன்டா இவ்வளவு?" என்று கேட்டேன்.

"உள்ள இருக்கிறவங்ககிட்ட என்ன இருக்குன்னு தெரியாது மாமா" என்றான்.

மூன்றாம் நாள் ஒரு வீட்டில் கதவைத் திறந்தவர் நல்ல மனிதர். சிரித்த முகம். எங்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். அவர் இடுப்பில், பெல்ட்டுக்கு வெளியே, எல்லாரும் பார்க்கும்படி ஒரு கைத்துப்பாக்கி தொங்கியது. தன் வீட்டுக்குள், காலைப் பத்து மணிக்கு. அந்தத் தண்ணீர் என் தொண்டையில் இறங்க நேரமானது.

125 ஆண்டுகள் தடை இருந்த ஊர்

டெக்சாஸ் என்றால் ஆதிகாலம் முதலே எல்லார் இடுப்பிலும் துப்பாக்கி என்று கௌபாய் படங்களைப் பார்த்து நினைத்திருந்தேன். உண்மை வேறு. 1871-ஆம் ஆண்டிலேயே கைத்துப்பாக்கி சுமந்து திரிவதற்குச் சட்டம் போட்டுத் தடுத்த மாநிலம் அது. சொந்த வீடு, சொந்த நிலம், நெடும்பயணம் போன்ற விலக்குகள் இருந்தன. மற்றபடி ஏறக்குறைய 125 ஆண்டுகள் அந்தத் தடை நின்றது.

மாற்றத்துக்கு வித்திட்டது ஒரு பெருந்துயரம். 1991 அக்டோபர் 16 அன்று கில்லீன் என்ற ஊரில் லூபீஸ் உணவகத்துக்குள் ஒருவன் பிக்கப் வண்டியை மோதி நுழைத்துச் சுட்டதில் 23 பேர் இறந்தார்கள். சுசானா ஹப் என்ற பெண்மணி அன்று பெற்றோருடன் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் கைத்துப்பாக்கி இருந்தது. ஆனால் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அதைக் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். தாய், தந்தை இருவரையும் அன்று இழந்தார். "என் துப்பாக்கி கையில் இருந்திருந்தால்" என்ற அவர் சாட்சியம் பல மாநிலங்களை அசைத்தது. 1995-இல் அன்றைய ஆளுநர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டத்தால், 1996 முதல், உரிமம் பெற்றவர்கள் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்றானது.

பிறகு கதவு ஒவ்வொன்றாகத் திறந்தது. 2007-இல் சொந்தக் காருக்குள் உரிமம் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம். 2016-இல் உரிமம் உள்ளவர்கள் வெளியே தெரியும்படி மாட்டலாம். 2019-இல், தடை அறிவிப்பு வைக்காத வழிபாட்டுத் தலங்களுக்குள்ளும் கொண்டுபோகலாம். 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை ஏதும் இல்லாத 21 வயது நிரம்பியவர்கள் உரிமமே இல்லாமல் சுமக்கலாம். வகுப்பும் வேண்டாம், சுடும் தேர்வும் வேண்டாம்.

கடைகளிலும் மருத்துவமனைகளிலும் வாசலில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு பார்க்கலாம். பிரிவு 30.06 என்று இருந்தால் மறைத்துக்கூடக் கொண்டுவராதே என்று பொருள். அது ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்க வேண்டும், ஒவ்வோர் எழுத்தும் ஓர் அங்குல உயரமாவது இருக்க வேண்டும் என்று சட்டமே அளவு சொல்கிறது. மதுக்கூடங்களின் வாசலில் சிவப்பில் 51 விழுக்காடு என்று எழுதியிருப்பார்கள். வருமானத்தில் பாதிக்குமேல் மது விற்று வருகிறது, இங்கே துப்பாக்கி கூடாது என்பது அதன் பொருள்.

சரி, வீடு? யாரும் தன் வீட்டு வாசலில் அப்படிப் பலகை மாட்டுவதில்லை. தேவையும் இல்லை. வீட்டுக்காரர் வாயால் சொன்னாலே போதும். "துப்பாக்கியோடு உள்ளே இருக்காதீர்கள்" என்று சொன்ன பிறகும் ஒருவர் வெளியேறாவிட்டால் அது குற்றம். ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். சட்டம் வீட்டுக்காரர் பக்கம்தான் நிற்கிறது.

ஆனால் சொல்வதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டுமே! மறைத்து வைத்திருப்பவர் தாமாகச் சொல்வதில்லை. தெரியாதவர் கேட்பதில்லை. அதனால் அந்தப் பேச்சு நடப்பதே இல்லை.

இதை நம் நாட்டோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. நம் தலைமுறைக்குத் துப்பாக்கி என்றால் ஒன்று போலீஸ், இல்லாவிட்டால் 70-களின் பொட்டாக் சின், 90-களின் தொடக்கத்து பெந்தோங் காளி. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எவரும் வைத்திருக்க முடியாது. சட்டவிரோதமாக வைத்திருந்தால் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 14 ஆண்டுவரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும். நமக்கும் பயம் இருக்கிறது. இல்லாவிட்டால் ஏன் ஒவ்வொரு தாமானிலும் கிரில், தடுப்புக்கம்பி, பாதுகாவலர் கொட்டகை? ஆனால் நம் பயம் இரும்பாகக் கதவில் நிற்கிறது. ஏர்கோன்காரனின் இடுப்பில் ஏறுவதில்லை.

மாம்பழம் வராத நாள்

நான்காம் நாள் முதலாளியும் எங்களோடு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், வெள்ளைக்காரர், தொழிலில் கெட்டிக்காரர். சத்தத்தைக் கேட்டே கம்ப்ரஸரின் ஆயுளைச் சொல்லிவிடுவார். ஹூஸ்டனின் தென்மேற்கில் வியட்நாமியர்கள் அதிகம் வாழும் பகுதியில் ஒரு வீடு. வயதான அம்மா ஒருவர், மூன்று வயதுப் பேரப்பிள்ளை. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

நாங்கள் போனதும் பாட்டி சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். அக்கா மகனைத் தெரியும்போல, தோளில் தட்டினார். காலணிக்கு மேல் துணியுறை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். பிள்ளை முதலாளியின் கருவிப்பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவரும் ஒரு சின்ன டார்ச்சைக் கொடுத்து விளையாடவிட்டார். பிள்ளைகளிடம் பிரியமானவர்.

பிறகு தரையில் குப்புறப் படுத்து, காற்று இழுக்கும் கதவைக் கழற்றினார். கையை எட்டி நீட்டியபோது சட்டை மேலே ஏறியது. இடுப்பின் வலப்பக்கத்தில், காற்சட்டைக்குள் செருகிய உறையிலிருந்து கறுப்புக் கைப்பிடி ஒன்று வெளியே தெரிந்தது. பிள்ளையின் முகத்துக்கும் அதற்கும் இரண்டு முழ தூரம் இருக்கும்.

நான் பார்த்தேன். அக்கா மகன் பார்த்தான். பாட்டியும் பார்த்தார்.

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. மெல்ல வந்து பிள்ளையைத் தூக்கினார். டார்ச்சை வாங்கிப் பெட்டிமேல் வைத்தார். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. வேலை முடிந்து கூப்பிட்டபோது தனியாக வெளியே வந்து, கையெழுத்துப் போட்டு, நன்றி சொல்லி அனுப்பினார். அதே சிரிப்புத்தான். ஆனால் கண் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தது.

முதலாளிக்கு எதுவும் தெரியாது. அவரைப் பொறுத்தவரை வேலை நன்றாக முடிந்த ஒரு வீடு.

வேனில் ஏறிய பிறகு அக்கா மகன் மெதுவாகச் சொன்னான்: "அந்தப் பாட்டி ஒவ்வொரு தடவையும் மாம்பழம் வெட்டிக் கொடுப்பாங்க மாமா. இன்னிக்குக் கொடுக்கல."

முதலாளியின் பக்கம்

அவரைக் கெட்டவராகக் காட்ட நான் இதை எழுதவில்லை. அன்று மதியம் சாப்பிடும்போது நானே கேட்டேன். ஒளிக்காமல் பேசினார். 19 ஆண்டுகளாகச் சுமக்கிறாராம். ஒருமுறைகூட உறையிலிருந்து எடுத்ததில்லை. ஆளில்லாத வீடுகளில் தனியாக வேலை, இரவு அழைப்பு, வேனில் ஆயிரக்கணக்கான டாலர் பெறுமான கருவிகள், செம்புக்காக யூனிட்டையே கழற்றிக்கொண்டு போகும் திருடர்கள். ஊருக்கு வெளியே போய்விட்டால் போலீஸ் வந்துசேர நேரமாகும் என்றார். "உன் வேனில் தீயணைப்பான் வைத்திருக்கிறாய் அல்லவா? இதுவும் அப்படித்தான்" என்றார்.

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அக்கா மகனுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அதை அவன் தன் அம்மாவிடம் சொல்லவே இல்லை, என்னிடம்தான் சொன்னான். மே மாதத்தில் ஓர் இரவு, பத்து மணிக்கு மேல், வாடகை வீடு ஒன்றுக்குத் தனியாகப் போயிருக்கிறான். வீட்டில் இருந்தவன் போதையில் இருந்திருக்கிறான். வேலை முடிந்த பிறகு காசு தரமாட்டேன் என்று தகராறு செய்து, வாசலை மறித்துக்கொண்டு இருபது நிமிடம் வெளியே விடவில்லை. இவன் பேசிப் பேசி, "காசு வேண்டாம், நாளைக்கு ஆபீஸ்ல பேசிக்கலாம்" என்று சமாதானம் சொல்லி வெளியே வந்திருக்கிறான்.

"மாமா, கிள்ளான்ல நீங்க ஒரு வீட்டுக்குள்ள போறப்ப, இந்த வீட்ல துப்பாக்கி இருக்குமான்னு யோசிப்பீங்களா? நான் ஒவ்வொரு வீட்லயும் யோசிக்கணும்."

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவன் சொன்னது உண்மை.

ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவனும் இதையேதான் யோசிக்கிறான். 1992 அக்டோபரில், பக்கத்து மாநிலமான லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில், ஜப்பானிலிருந்து படிக்க வந்த யோஷிஹிரோ ஹத்தோரி என்ற 16 வயது மாணவர் ஹாலோவீன் விருந்துக்குப் போக வீடு தெரியாமல் வேறொரு வீட்டு மணியை அடித்துவிட்டார். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து "அசையாதே" என்று ஆங்கிலத்தில் கத்தினார். மாணவர் சிரித்த முகத்தோடு "விருந்துக்கு வந்தோம்" என்று சொல்லி முன்னே நடந்தார். ஒரே குண்டு. குற்றவியல் வழக்கில் வீட்டுக்காரர் விடுதலையானார். பிறகு உரிமையியல் வழக்கில்தான் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அந்தப் பெற்றோர் ஜப்பானில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் திரட்டி 1993-இல் அதிபர் கிளிண்டனைச் சந்தித்தார்கள்.

இது பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2023 ஏப்ரலில் மிசூரி மாநிலத்தின் கன்சாஸ் நகரில், தம்பிகளை அழைத்துவரப் போன 16 வயதுப் பையன் தெரு மாறி வேறு வீட்டு மணியை அடித்துச் சுடப்பட்டான். நல்லவேளை, உயிர் பிழைத்தான்.

ஆக, உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவனுக்குப் பயந்து துப்பாக்கி வைக்கிறார். வெளியே இருந்து வருபவன் உள்ளே இருப்பவருக்குப் பயந்து வைக்கிறான். இருவருமே நல்லவர்களாக இருக்கலாம். நடுவில் ஒரு கெப்பாசிட்டர்தான் பழுதாகியிருக்கிறது.

எங்கே வைப்பாய்?

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பியர்லேண்டில் இருக்கும் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போனோம். தரிசனம் முடிந்து அக்காவும் அத்தானும் சாப்பிடப் போக, நாங்கள் இருவரும் வெளியே நிழலில் உட்கார்ந்தோம். தாய்மாமன் வேலையைச் செய்ய அதுதான் நேரம்.

நான் அரசியல் பேசவில்லை. அவன் நாட்டு அரசமைப்புச் சட்டம் அவனுக்கு. அதில் எனக்கு என்ன வேலை? ஏர்கோன்காரனாகத்தான் பேசினேன்.

"பரணுக்குள்ள தவழ்ந்து போறப்ப அது இடுப்புல குத்தும். கழற்றுவ. கழற்றி எங்க வைப்ப?"

"வேன்ல."

"வேனை உடைச்சு கருவி திருடுறாங்கன்னுதானே துப்பாக்கியே வாங்குற? அதையே திருடிட்டுப் போனா?"

பேசாமல் இருந்தான். வாகனங்களிலிருந்து துப்பாக்கி களவுபோவது அங்கே பல நகரங்களில் பெரிய தலைவலி என்பது அவனுக்குத் தெரியும்.

"சரி, கழற்றாம இடுப்புலயே வச்சிருக்கிற. அந்தப் பாட்டி வீட்டுப் பிள்ளை மாதிரி ஒண்ணு பின்னால வந்து தொட்டுச்சுன்னா?"

17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குத் தோட்டா போட்ட துப்பாக்கி எட்டும்படி அலட்சியமாக விடுவது டெக்சாஸிலும் குற்றம்தான். அவனே அதைச் சொன்னான். சட்டம் கேட்காவிட்டாலும், விருப்ப உரிமத்துக்கான வகுப்புக்கு அவன் ஏற்கெனவே போய்வந்திருந்தான். நான்கு முதல் ஆறு மணி நேர வகுப்பு, 50 குண்டுகள் சுடும் தேர்வு. சுடுவதைவிட, எப்போது சுடக்கூடாது, சண்டையைப் பேசித் தீர்ப்பது எப்படி, பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வைப்பது எப்படி என்பதைத்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தார்களாம்.

கடைசியாக அந்த மே மாத இரவைப் பற்றிக் கேட்டேன். "அன்னிக்கு உன் இடுப்புல இருந்திருந்தா என்ன செஞ்சிருப்ப?"

நெடுநேரம் யோசித்தான். "எடுத்திருப்பேன்னு நினைக்கிறேன் மாமா."

"அவன்கிட்டயும் இருந்திருந்தா?"

அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. தொழிலில் நான் கற்ற ஒன்றை மட்டும் சொன்னேன். கருவிப்பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இடம் உண்டு. எடுத்த கருவியை அந்த இடத்தில் திருப்பி வைக்கத் தெரிந்தவன்தான் நல்ல தொழிலாளி. அடுத்தவர் வீட்டில் வைக்க இடமே இல்லாத கருவியை அடுத்தவர் வீட்டுக்குள் கொண்டுபோகாதே. அந்த இரவு உனக்கு வேண்டியிருந்தது துப்பாக்கி இல்லை, இரண்டாவது ஆள்.

என்ன முடிவானது?

அக்கா எதிர்பார்த்ததுபோல் ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. நான் ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து அவன் அழைத்தான். முதலாளியிடம் பேசினானாம். இரவு ஒன்பது மணிக்கு மேல் தனியாகப் போவதில்லை, இரண்டு பேராகத்தான் போவது என்று கேட்டிருக்கிறான். "கூடுதல் ஆளுக்கு யார் சம்பளம் கொடுப்பது?" என்று முதலாளி முதலில் முணுமுணுத்து, பிறகு தெரியாத வாடிக்கையாளர் வீடுகளுக்கு மட்டும் சரி என்று ஒப்புக்கொண்டார். இப்போது போகுமுன் வாடிக்கையாளரின் கைப்பேசிக்கு வருபவரின் பெயரும் படமும் அனுப்புகிறார்கள்.

"அப்ப வாங்கல?"

"இப்போதைக்கு வாங்கல மாமா. ஒரு வருஷம் கழிச்சு மறுபடி யோசிப்பேன்."

அக்காவுக்கு அது போதவில்லை. எனக்குப் போதும். 23 வயதுப் பையனிடமிருந்து ஒரு வருடம் வாங்கிக்கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் போவதாக இருந்தால்

நம்மில் பலருக்கு அமெரிக்காவில் உறவினர்கள் இருக்கிறார்கள். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு போகிறோம். பயந்துகொண்டு போகாமல் இருக்க வேண்டியதில்லை. நான் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் அன்பானவர்கள். ஆனால் நம் ஊர்ப் பழக்கங்கள் சிலவற்றை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள்.

முகவரி சரியாகத் தெரியாமல் எந்த வீட்டு மணியையும் அடிக்காதீர்கள். வாசலுக்கு வந்துவிட்டதாக முதலில் கைப்பேசியில் அழைத்துச் சொல்லுங்கள். மணி அடித்தால் சற்றுத் தள்ளி, முகமும் கையும் தெரிய நில்லுங்கள். வழி கேட்க யார் வீட்டு வளாகத்துக்குள்ளும் நுழையாதீர்கள். உங்கள் பிள்ளை வேறொரு வீட்டில் விளையாடவோ இரவு தங்கவோ போகிறதென்றால், "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்கச் சொல்லி அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே பெற்றோருக்கு அறிவுறுத்துகிறது. தோட்டாவை எடுத்துவிட்டு, பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் பூட்ட வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் முறை. அந்த ஊரில் இது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல. பிள்ளைக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது என்று முன்கூட்டியே சொல்வதைப் போன்றதுதான்.

பழுதுபார்க்க வீட்டுக்கு ஆள் வந்தாலும் கேட்கலாம். சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. தயக்கம் நம்முடையது.

போன மாதம் அக்கா வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகியது. வேறு நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். அத்தனை வருடத்தில் முதன்முறையாக அக்கா வாசலிலேயே நின்று கேட்டாளாம்: "தப்பா நினைக்காதீங்க, துப்பாக்கி வச்சிருக்கீங்களா? இருந்தா வேன்லயே பூட்டி வச்சிட்டு வரமுடியுமா?" அவர் கோபப்படவில்லை. "தாராளமாக, அம்மா" என்று சொல்லி வேனுக்குப் போனாராம். திரும்பி வந்தபோது கையில் கருவிப்பெட்டி மட்டும் இருந்தது என்றாள் அக்கா.